சக்கைக் காற்று

"அவன் கத்தியிருந்தா நமக்குக் கேட்டிருக்காதா? பக்கத்து வயல்லதான நின்னோம்."

அடிபம்பில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது செண்பகக்கனி இதைப் பேச்சித்தாயிடம் சொன்னாள். ஆவுடைக்குக் கேட்கட்டும் என்று சொன்னதல்ல. ஆவுடை தன் குடத்தோடு முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கள்ளிவிளையில் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் தற்செயலாக விழவேண்டுமென்றால் மூச்சுப் படுகிற தூரத்தில் நிற்கவேண்டும். அந்த ஊரில் மனிதக் குரல் இரண்டு முழத்துக்கு மேல் போகாமல் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

பேச்சித்தாய்தான் முதலில் திரும்பினாள். பார்த்ததும் தன் குடத்தைப் பம்புக்கு அடியிலிருந்து பாதியிலேயே இழுத்து, ஆவுடையை முதலில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஆவுடை பிடித்தாள், இடுப்பில் ஏற்றினாள், நடந்தாள். புருஷனுக்குக் காரியம் முடிந்த மறுநாள் அது. அவள் புருஷன் கொம்பையா குழிக்குள் கிடந்த அன்று, பக்கத்து வயலில் உளுந்து பறித்துக்கொண்டு நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

முன்பெல்லாம் ஆனி பிறந்தால் கணவாய் வழியாகக் காற்று வரும். வந்தால் கொடியில் கிடந்த சேலை கிழக்கே அடுத்த ஊர் எல்லையில் முள்ளில் மாட்டிக் கிடக்கும், ஓலைக் கூரைகளுக்கு மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பார்கள், வாயைத் திறந்தால் பல்லில் மண் கடிபடும், ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் தெரு முழுவதும் ஒரு கை சோறு கூடுதலாகத் தின்னும். அந்தக் காற்றை ஊர் திட்டிக்கொண்டேதான் இருந்தது. அதனால் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் வெயிலுமுத்து அண்ணாச்சி காற்றாலைக் கம்பெனிக்காரர்களை ஜீப்பில் கூட்டிவந்து, மேற்கே செம்மண் மேடாகக் கிடந்த தேரிக்காட்டைக் கைகாட்டி, "காத்து சும்மாதானடே போகுது, போற காத்துக்குக் காசு தாறேங்காங்க" என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பைத்தியக்காரனிடமிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று யோசிக்கிற சிரிப்பு அது. கொம்பையாவும் சிரித்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செம்மண் காட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு செவலைப் பசு வாங்கினான், வீட்டுக்குக் காங்கிரீட் போட்டான், மழை வந்தபோது சொட்டாத கூரைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, இனிமேல் மழையையும் வாடகைக்கு விட்டுவிடலாம் என்று ஆவுடையிடம் சொன்னான்.

நல்லது நடக்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. இறக்கைகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரிகள் திரும்புவதற்காகப் போட்ட தார்ச்சாலையில் பிறகு மினி பஸ் வந்தது, மினி பஸ்ஸில் ஏறிப் பெண்பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை நின்றது, ஏழெட்டு வீட்டு ஆண்களுக்குக் காக்கிச் சட்டையும் காவல் வேலையும் கிடைத்தன, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அலங்கார விளக்கு போட்டதில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வயிறெரிந்தார்கள். தேரியில் காற்றாடிகள் வரிசையாக எழுந்து நின்று, மாலை வெயிலில் அவற்றின் நிழல் ஊருக்குள் நீண்டு, வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறவளின் கை மேலும் முகம் மேலும் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று அடித்துக்கொண்டே போனபோது, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது.

அடுத்த ஆனியில் காற்று வந்தது. வேப்பமரம் ஆடியது, ஆனால் இலைச் சத்தம் இல்லை. களத்தில் பேச்சித்தாய் உளுந்து தூற்றச் சுளகைத் தலைக்கு மேல் தூக்கினாள். மணியும் தூசியும் ஒன்றாக, ஒரே குவியலில், அவள் காலடியில் விழுந்தன. இன்னொரு தரம் தூற்றினாள், அப்படியே விழுந்தன. மேற்கே திரும்பிக் காற்றாடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கரும்ப ஆட்டுன மாதிரி ஆட்டிச் சாறெடுத்துக்கிட்டு, நமக்குச் சக்கையத் தள்ளிவிட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து கையால் பொறுக்க ஆரம்பித்தாள். அந்த ஊரில் அதைப்பற்றி நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான். மறுவாரம் எல்லா வீட்டிலும் சல்லடை வாங்கினார்கள்.

சக்கைக் காற்று எதையும் தூக்கவில்லை. துவைத்துப் போட்ட துணி நாலு நாள் ஈரமாகத் தொங்கியது. கருவாட்டு வாடை சுட்டவளின் அடுப்பங்கரையைத் தாண்டவில்லை. பூந்தூள் பறக்காத மக்காச்சோளக் கதிரை உரித்தால் மூன்று மணிதான் இருந்தது. குரல் வாயைவிட்டு வெளியே வந்து, இரண்டு முழம் போய், களைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. தூரத்தில் போகிறவனைக் கூப்பிடவேண்டுமென்றால் சின்னக் கல்லை எடுத்து முதுகில் எறிந்தார்கள். புது மருமகள்களுக்கு மாமியார்கள் சமையலுக்கு முன்னால் குறி பார்த்துக் கல்லெறியப் பழக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைச் சுற்றிப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. கொடைக்கு வந்த மேளக்காரர்கள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்த் தனித்தனியாகக் கொட்ட வேண்டியிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கை நீட்டிச் சண்டை போட முடியாததால், சண்டை போட நினைத்தவர்கள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு போட்டார்கள், அப்படிப் பிடித்தபிறகு பாதிச் சண்டை வரவில்லை. பக்கத்தில் அப்பன் படுத்திருக்கும்போதே காதல் பேசலாம் என்பதால் வயசுப் பிள்ளைகளுக்கு அந்தக் காற்றின் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்குமா பாருங்கள் என்று சொல்லி மூன்று மாப்பிள்ளை வீட்டாரைக் கவிழ்த்தார்கள். ஒரு தடவை அதிகாரி ஒருவர் குறை கேட்க வந்து, மேடையில் நின்று, ஒரு மணி நேரம் பேசினார். உதடு அசைவதை ஊர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. குறை ஒன்றும் இல்லை போல என்று அவர் போய்விட்டார்.

விழுந்த சொற்கள் விழுந்த இடத்தில் கிடந்தன. இதைக் கண்டுபிடித்தவர்கள் வாசல் பெருக்குகிற பெண்கள். விளக்குமாற்றில் புழுதி முன்பைவிடக் கனமாக வந்தது. குனிந்து கூட்டி அள்ளும்போது காதுக்குப் பக்கத்தில் முந்தின நாள் பேச்சு கேட்டது. புருஷன் யாரிடம் கடன் கேட்டான், மகள் யாரைப் பார்த்துச் சிரித்தாள், மருமகள் மாமியாரை என்ன சொன்னாள், எல்லாம் புழுதியில் இருந்தன. அதனால் அவரவர் வாசலை அவரவர் விடியுமுன்பே பெருக்கி, சாணி தெளித்து அமுக்கி, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கண்காணாத இடத்தில் கொட்டினார்கள். அதற்கும் பழகியாயிற்று.

சாறு எங்கே போகிறது என்பது வேறொரு வழியாகத் தெரிந்தது. கொம்பையாவின் தம்பி லிங்கராஜ் சென்னையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தான். ஒரு நாள் போனில், அறையில் சீலிங் பேனைப் போட்டால் ஆட்டுவாடை வருகிறது மதினி என்றான். சிரித்தார்கள். அடுத்த முறை, பேன் வேகமாக ஓடும்போது யாரோ ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, அது நம்ம பேச்சி மதினி புருஷன் குரல் என்றான். அந்த மனுசன் காற்றாடிகளுக்கு மேற்கே, முழுக்காற்று அடிக்கிற பக்கத்தில்தான் ஆடு மேய்த்தான். காற்று எதைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கைகளில் மோதியதோ, அது கம்பி வழியாகப் போய், எங்கெங்கே பேன் சுற்றியதோ அங்கெல்லாம் இறங்கியது. இது தெரிந்ததும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய தாய்மார்கள் வெள்ளிக்கிழமை தலை குளித்து, கூட்டமாகத் தேரியைத் தாண்டி மேற்கே போய், இறக்கைகளைப் பார்த்து நின்று, சாப்பிட்டியா ராசா, சளி தேவலையா, அந்தப் பிள்ளையோட சகவாசத்த விடு என்று கத்திவிட்டு, தொண்டை கட்டி, முகம் மலர்ந்து வந்தார்கள். ஊர் கண்ட லாபங்களில் அதுதான் பெரிது. ஆனால் பட்டணத்தில் பெரிய மனிதர்கள் மத்தியானத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, யார் அந்த ராசா என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனி தேரிக்கும் ஊருக்கும் நடுவே முள்வேலி போட்டது. மேற்கே போகக்கூடாது என்று வெயிலுமுத்து அண்ணாச்சி வீடு வீடாக வந்து, இரண்டு முழ தூரத்தில் நின்று, வேலை போய்விடும், பஸ் நின்றுவிடும் என்று பக்குவமாகச் சொன்னார். தாய்மார்கள் போவதை நிறுத்தினார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம், ஊரை ஒட்டி, இன்னொரு வரிசை போடுவதற்குக் குழி தோண்டினார்கள். இரண்டு ஆள் ஆழம். அடியில் கம்பி கட்டி, கம்பி முனைகள் ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்க, ஏதோ காரணத்தால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குழியைச் சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. கொம்பையா இரண்டு முறை வெயிலுமுத்து வீட்டுக்குப் போய், மாடு கன்னு போற பாதை அண்ணாச்சி என்று சொன்னான். நாளைக்கு மூடிருவாங்கடே என்று அவரும் இரண்டு முறை சொன்னார்.

செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய அன்று, அதைப் பிடிக்க ஓடியவன் புதருக்குப் பின்னால் இருந்த குழியைப் பார்க்கவில்லை. ஒரு கம்பி தொடையில் ஏறி மறுபக்கம் வந்தது. அப்போது காலை வெயில். நாலு பெண்கள் பக்கத்து வயலில், ஒரு கல்லெறி தூரத்தில், குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உளுந்து பறித்தார்கள். கஞ்சி நேரத்தில் ஒட்டி உட்கார்ந்து குடித்தார்கள். செண்பகக்கனி தன் புருஷன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு சல்யூட் அடித்ததை நடித்துக் காட்டினாள், ஆவுடை புரையேறும்வரை சிரித்தாள். பொழுது சாய்ந்து செவலை தனியாக வீட்டுக்கு வந்தபிறகுதான் தேடினார்கள். ஆம்புலன்ஸ் உடனே வந்தது, சாலை அவ்வளவு நன்றாக இருந்தது. மத்தியானமே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, ஆவுடையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதன்பிறகு ஊரில் ஒரு பேச்சு உண்டாயிற்று. யார் உண்டாக்கினார்கள் என்று தெரியாது, அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. கொம்பையா குடித்திருந்தான். குடித்துவிட்டு விழுந்து, விழுந்த இடத்தில் தூங்கிவிட்டான். கத்தவே இல்லை. கொடை நாட்களில் அவன் குடிப்பான் என்பது உண்மையாக இருந்ததால் மற்ற நாட்களுக்கும் அது பொருந்தியது. கம்பெனிக்கு அது பொருந்தியது, வெயிலுமுத்துவுக்குப் பொருந்தியது. வயலில் நின்ற பெண்களுக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகப் பொருந்தியது. அவன் கத்தவில்லை என்றால்தான் அவர்களால் சோறு தின்ன முடியும்.

ஆவுடையால் அப்படித் தின்ன முடியவில்லை. பம்பிலிருந்து வந்து குடத்தை இறக்கியவள், அடுக்களைக்குப் போகவில்லை. மாட்டுத் தொழுவத்தில் சாத்தியிருந்த ஏணியைத் தோளிலும் ஒரு சுளகைக் கையிலும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள்.

மழை பெய்யவில்லை. எல்லாம் கிடந்தபடி கிடந்தது. ஏணியை இறக்கி, கம்பிகளுக்கு நடுவே காலை ஊன்றி, சேலையைச் செருகிக்கொண்டு, கறுத்து உலர்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மேல்மண்ணை ஒதுக்கி, ஆவுடை அடியில் கிடந்த செம்மண்ணில் காதை வைத்தாள்.

"ஏட்டி, ஆவுடை, குழிக்குள்ள கெடக்கேன், ஏணி கொண்டா."

கீழே இருந்தது முதலில் விழுந்தது. அங்கே குரல் திடமாக, வழக்கமான எரிச்சலோடு இருந்தது. "செவிட்டு மூதி, திரும்பிப் பாரேன்." செண்பகம் என்று கூப்பிட்டிருந்தான். பேச்சி மதினி என்று கூப்பிட்டிருந்தான். வயலில் நின்ற நாலு பேரையும், பிறகு அந்தப் பாதையில் போகக்கூடிய ஒவ்வொருவரையும், வரிசையாக, உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டிருந்தான். வெயிலுமுத்து அண்ணாச்சி, ஒரு கயிறு போடுங்க அண்ணாச்சி என்று பல தடவை. ஒரு இடத்தில் நீங்க கஞ்சி குடிக்கிற நேரமில்லையா இது என்று மெதுவாகக் கேட்டிருந்தான். மேலே வர வர மண் பொடிப்பொடியாக, தண்ணி என்ற ஒரு சொல் மட்டும் அதில் கலந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பேரும் இல்லை, தண்ணியும் இல்லை, வெறும் ஆ, ஆ என்று ஒரு சத்தம். அதை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பிறகு எழுந்து, ஒரு சுளகு மண்ணை அள்ளிக்கொண்டு ஏறினாள்.

கள்ளிவிளையில் ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள் கோயில் வாசலில் முழங்காலோடு முழங்கால் இடிக்க வட்டமாக உட்காருவார்கள். பேச வேண்டியவர் வட்டத்துக்கு நடுவே போகவேண்டும். ஆவுடை போனாள். சுளகை நடுவில் வைத்தாள்.

"குனிஞ்சு கேளுங்க. எல்லாரையும்தான் கூப்பிட்டிருக்காவ. அவரவர் பேரு அவரவருக்குக் கேக்கும்."

யாரும் குனியவில்லை. ஒருவர் சுளகைப் பார்த்தார், ஒருவர் கோபுரத்தைப் பார்த்தார், ஒருவர் தன் கால்நகத்தில் அழுக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். செண்பகக்கனியின் புருஷன் முத்துப்பட்டன், காக்கிச் சட்டைக்காரன், கொம்பையாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டான்.

"இடுப்பு பிடிச்சிருக்கு மதினி" என்றான்.

"ஊருக்கே பிடிச்சிருக்கோ" என்றாள் ஆவுடை.

வெயிலுமுத்துதான் கையை நீட்டினார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, தரம் பார்க்கிறவர்போல் விரலில் உருட்டி, காதோரம் தலைமுடியைக் கோதுகிறவர்போல் கையைக் கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை ஆவுடை பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவர் மண்ணைச் சுளகில் போட்டுவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"வெறும் மண்ணு" என்றார்.

பிறகு அவர் நெடுநேரம் பேசினார். கொம்பையாவை உயர்த்தித்தான் பேசினார். பஸ்ஸைச் சொன்னார், படிக்கிற பிள்ளைகளைச் சொன்னார், காவல் வேலை பார்க்கிற வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், புது வரிசை வந்தால் இன்னும் எத்தனை பேருக்கு வேலை என்றும், இந்த நேரத்தில் ஊர் ரெண்டுபட்டால் கம்பெனி வேறு ஊரைப் பார்த்துப் போய்விடும் என்றும் சொன்னார். கத்தினான் என்று தெரிந்தால் என்ன, கத்தவில்லை என்று தெரிந்தால் என்ன, போனவன் வரப்போவதில்லை என்றார். கடைசியில், பெரிய மனசு பண்ணிக் கேட்டதைக் கொடுக்கிறவர்போல், "நாளைக்குக் காலையில ஜேசிபி வரச்சொல்லிக் குழிய மூடிருவோம். உன் புருசன் என்கிட்ட கேட்டதும் அதத்தான தாயி" என்றார். வட்டம் தலையாட்டியது. நல்ல முடிவு என்று நாலைந்து பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள்.

அநியாயம் செய்தவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு உள்ள கடைசி வழி. ஒருத்தி தூற்றிவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது, கன்று பால் குடிக்காது என்று பயப்படுவார்கள். தூற்றவிடாமல் தடுக்க ஆண்கள் காலில் விழுந்ததும் உண்டு. அன்று சாயங்காலம் ஆவுடை தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வெயிலுமுத்து வீட்டு வாசலில் போய் நின்று, தெருப்புழுதியை இரண்டு கையாலும் வாரி, அந்த வீட்டை நோக்கித் தூற்றினாள். புழுதி எழும்பவில்லை. அவள் பாதத்தின் மேலேயே விழுந்தது. மறுபடியும் வாரினாள், மறுபடியும் விழுந்தது. நீ நாசமாப் போவ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அது இரண்டு முழம் போய்ப் புழுதியோடு உட்கார்ந்தது. வீட்டுக்குள் வெயிலுமுத்து தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய காரணம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. தெருவில் நின்ற பெண்கள் ஒருவர் காதில் ஒருவர், தன் காலில் விழுந்த மண் தன்னையே பிடிக்குமோ என்று விசாரித்தார்கள். பேச்சித்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து ஆவுடையின் பாதங்களைக் கழுவிவிட்டாள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் வெயிலுமுத்துவின் பெண்டாட்டி வாசலுக்கு வந்து, வேகமாக விளக்குமாற்றால் அந்தப் புழுதியைச் சாபத்தோடு சேர்த்துக் கூட்டிச் சாக்கடையில் தள்ளினாள்.

அப்போது ஆவுடை குழிக்குள் இருந்தாள். கையில் சுளகும் பெரிய ஓலைக் கடவப்பெட்டியும், முந்தின நாள் அள்ளிய சுளகு மண் பெட்டியில் முதலாகக் கிடந்தது. மேல்மண்ணை அள்ளினாள், அடிமண்ணை அள்ளினாள், சுவர் ஓரத்தில் தெறித்துக் கிடந்ததை நகத்தால் சுரண்டினாள், காதை வைத்துப் பார்த்து, சத்தம் இருந்த இடமெல்லாம் சுரண்டினாள். இனி மண்ணில் மண் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தபிறகு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தாள். சாலைத் திருப்பத்தில் ஜேசிபியின் மஞ்சள் மூக்கு தெரிந்தது. அது சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது, அந்த ஊரில் எல்லாம் வருவதுபோல.

அவள் அதைப் பார்த்து நிற்கவில்லை. மேற்கே நடந்தாள். உளுந்து வயலைத் தாண்டி, தான் உட்கார்ந்து கஞ்சி குடித்த வரப்பைத் தாண்டி, கொம்பையா எழுதிக்கொடுத்த செம்மண் காட்டில் ஏறினாள். வேலிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து லிங்கராஜைக் கூப்பிட்டாள்.

"ரூம்ல பேன் ஓடுதா?"

"ஓடுது மதினி. ஏன், என்ன காலையிலயே?"

"அத நிறுத்தாத. பக்கத்து ரூம்காரங்களையும் போடச்சொல்லு."

அவன் மேலே ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டாள். சேலைத் தலைப்பை முள்கம்பியின் மேல் மடித்துப் போட்டு, பெட்டியை முதலில் அந்தப் பக்கம் இறக்கி, பிறகு தானும் தாண்டினாள். காவல் கொட்டகையிலிருந்து முத்துப்பட்டன் பார்த்துவிட்டான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். ஏ மதினி, நில்லு, போகாத என்று அவன் கத்தியதெல்லாம் அவன் செருப்புக்கு முன்னால் விழுந்தது. கல் எடுக்கக் குனிந்தான், எடுத்தான், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

ஆவுடை காற்றாடிகளின் தூண்களுக்கு நடுவே நடந்து மேற்குப் பக்கம் வெளியே வந்தபோது, காற்று அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பல வருஷமாக அவள் மறந்திருந்த காற்று. மலையில் பெய்துகொண்டிருந்த மழையின் வாடையும், ஆட்டுப்புழுக்கையும், தும்பைப்பூவும், எங்கோ நாலு ஊர் தாண்டி ஒருத்தி பிள்ளையை வைகிற சத்தமும் அதில் முழுசாக இருந்தன. சேலை படபடவென்று அடிக்கிற சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கண்ணில் மண் விழுந்தது, பல்லில் மண் கடிபட்டது.

அவள் பெட்டியை இறக்கினாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, இறக்கைகளைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுளகில் மண்ணை அள்ளி, களத்தில் தூற்றுகிறவள்போல் தலைக்கு மேல் தூக்கி, தூற்றினாள். அது கீழே விழவில்லை. மறுபடியும் அள்ளினாள், தூற்றினாள். பெட்டி காலியாகும்வரை தூற்றிவிட்டு, அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டாள்.